மஞ்சள் வைத்த கேசட்

அந்த கேசட்டை எங்களில் யாராவது முன்பே ஒரு தடவை போட்டுக் கேட்டிருந்தால் எனக்கு அந்த வருஷமே கல்யாணம் ஆகியிருக்கும்.

பாகூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே எங்கள் ஊர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். காலேஜுக்குப் போனதும் நான்தான். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து காகிதம் வந்தால் அப்பா அதைத் துண்டில் சுற்றி வைத்திருந்து, நான் வந்ததும் நீட்டுவார். "முழுசாப் படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதப்பா" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நானே. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் ஒரே ஒரு நாதஸ்வரக்காரர்தான். நேரில் வரமாட்டார். அவரை அழைத்துவர எங்களால் ஆகாது. கேசட்டில் வருவார். சவுண்டு செட்காரர் புங்கமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியதும் முதலில் அவரைத்தான் போடுவார். அவர் வாசிப்பு கேட்டால்தான் கல்யாண வீடு என்று நாலு கழனி தள்ளி நிற்பவர்களுக்கும் தெரியும். சின்ன வயதில் வில்லியனூர் தேரில் அவரை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அவர் படம் போட்ட காலண்டர் தாள் என் புத்தகப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருந்தது.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு ஊர் மண்ணாடிப்பட்டுப் பக்கம். புதுச்சேரியில் ஓர் ஆபீசில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, இரண்டு வீட்டுக்கும் தெரியாமல், பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் பேசிக்கொள்வோம். அவருக்கும் அந்த நாதஸ்வரம் என்றால் உயிர். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே காது" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்கிறேன்.

நிச்சயத்துக்கு நாலு நாள் முன்னால் செய்தித்தாளில் சுற்றி ஒரு கேசட்டை என் கையில் கொடுத்தார்.

"வந்து ரெண்டு நாள்தான் ஆவுது. நம்ம நிச்சயத்துலதான் மொதல்ல கேக்கணும். கண்ணாடித்தாளப் பிரிக்காத."

"நீங்க கேட்டீங்களா?"

"இவர் கேசட்ட இன்னா, கேட்டுப் பாத்துட்டா வாங்குவாங்க?"

அட்டையில் அதே முகம், அதே சந்தனப்பொட்டு. அதற்கு முன் ஒன்றரை வருஷமாக அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. மனைவி அவரை விட்டுப் போய்விட்டாள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அவர் வீட்டில் நடப்பதற்கும் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை.

வீட்டில் கேசட்டைக் கொடுத்தபோது யார் வாங்கியது என்று நான் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு விஷயம் வெளியில் வந்துவிடுமே. எங்கள் வீட்டில் புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் கட்டமாட்டோம். கேசட்டும் புதுசுதானே என்று அம்மா அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அப்புறம் அதை யார் எடுப்பார்கள்?

நிச்சயத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் பிள்ளையார் கோயிலண்டை வேனை விட்டு இறங்கி, வரிசைத் தட்டுகளைத் தூக்கினார்கள். சவுண்டு செட்காரர் கண்ணாடித்தாளைப் பிரித்து, கேசட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார்.

சுருதிப் பெட்டியின் ஓசை கேட்டது. எல்லோரும் நாதஸ்வரத்துக்காகக் காத்திருந்தோம். ஓர் ஆம்பளைக் குரல் வந்தது. கரகரத்த குரல். தவில் இல்லை, தாளம் இல்லை. நீ சாத்திவிட்டுப் போன கதவை நான் திறக்கவேயில்லை என்று பாடியது. குழாய் வழியாக அது ஊர் முழுக்கப் போயிற்று. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

"யாருடா பாடறது?"

"அவருதான்பா. அட்டையில அவரு மூஞ்சிதான கீது."

"பீப்பிய இன்னா பண்ணாரு?"

சவுண்டு செட்காரருக்கு வேர்த்துவிட்டது. நிறுத்தலாமா என்று அப்பாவைப் பார்த்தார். மங்கல இசையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று அப்பா கையைக் காட்டினார். "ரெண்டாவது பாட்டுல வாசிப்பாரும்மா" என்று சவுண்டு செட்காரர் பொதுவாகச் சொன்னார். இரண்டாவதும் குரல்தான். நடுவில் ஒரு இருமல்கூட வந்தது. பந்தலில் யாரோ, "சுக்குக் கஷாயம் குடுங்கடி அவருக்கு" என்றதும் பெண்கள் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இது இன்னா நிச்சய வூடா, எழவு வூடா? பொண்டாட்டி ஓடிப்போனவன் ஒப்பாரிய வெச்சா எங்கள வரவேப்பீங்க? யாரு வாங்கியாந்தது இத?"

அப்பா தயங்கி, "எம்பொண்ணுதாம்மா குடுத்துச்சி" என்றார்.

"படிச்ச பொண்ணாச்சே. அட்டையப் படிக்கத் தெரியாதா?"

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளையைப் பார்த்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நான்தாம்மா வாங்கினேன் என்று ஒரு வார்த்தை. அவர் வேட்டி ஓரத்தைச் சரிசெய்துகொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "பாத்து வாங்கியிருக்கலாம்" என்றார்.

தட்டு மாற்றவில்லை. வேறு நாள் பார்க்கலாம் என்று போய்விட்டார்கள்.

அவர்கள் போனதும் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க மூலையில், கண்ணாடித்தாளின் மேல் அம்மா மஞ்சள் தடவியிருந்த இடத்தில், சின்ன எழுத்தில் 'வாய்ப்பாட்டு' என்று இருந்தது. மாப்பிள்ளை கொடுத்த அன்று மஞ்சள் இல்லை. நான் முன்பக்கத்து முகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அந்த நாதஸ்வரக்காரர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் நல்ல நாளை அவர் எடுத்துக்கொண்டது போல இருந்தது. பெட்டி மூடியிலிருந்து அவர் படத்தைக் கிழித்தேன். ஊரில் என்னைப் போலவே பலருக்கும் கோபம். சவுண்டு செட்காரர்கள் அந்த கேசட்டின் மேலேயே சினிமாப் பாட்டைப் பதிந்துகொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பத்து நாள் கழித்து மண்ணாடிப்பட்டிலிருந்து ஆள் வந்தது. பெண், 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த முகூர்த்தத்தில் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பா முகம் தெளிந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையும் அதையேதான் சொன்னார்.

"சொல்லிடேன். நான் சொன்னா நாம இங்க பேசறது தெரிஞ்சிடுமில்ல? அம்மா சும்மா வுடுவாங்களா?"

"தெரிஞ்சா தெரியட்டும். சொல்லுங்க."

"சின்ன விஷயத்த ஏன் பெருசாக்கற?" என்றார். அவர் பஸ் வந்தது. ஏறிவிட்டார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் காலேஜ் சிநேகிதி வீட்டு டேப்ரிக்கார்டரில் கேசட்டை முழுசாகக் கேட்டேன். அந்த மனுஷர் ஊரே கும்பிட்ட வாசிப்பை வைத்துவிட்டு, பழகாத குரலில், இருமலையும் சேர்த்துப் பாடியிருந்தார். இனி யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் தன் முகத்தை அட்டையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். கிழித்த படத்தை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டேன் என்றேன். அப்பா கத்தினார். "ஒத்த வார்த்தைக்காடி கல்யாணத்த வுடுவ? படிச்ச திமிரு!"

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு விஷயம் முழுவதையும் சொன்னேன். கேசட்டை வாங்கியது யார் என்றும் சொன்னேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"அவரு சொல்லுவாருன்னு நின்னேன்பா."

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா மண்ணாடிப்பட்டுக்குப் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.