மூன்றாம் தட்டு எலிகள்

1. முதல் கடி

அறுபதுகளின் நடுப்பகுதியில் வவுனியாவில் ஒரு காசநோய்ச் சிகிச்சை நிலையத்தின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். சளி பரிசோதிப்பதுதான் வேலை என்று நினைத்துப் போனேன். டொக்டர் இராசமலர் முதல் நாளே ஒரு வெள்ளெலியை என் முன் வைத்து, "வாலின்ர அடியிலை பிடியுங்கோ, தியாகராசா. நுனியிலை பிடிச்சால் திரும்பிக் கடிக்கும்" என்றார். நான் நுனியில் பிடித்தேன். கடித்தது.

காசநோய்க்குத் தடுப்பூசியாகப் போடும் பி.சி.ஜி.யில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமி. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும். அப்படி விழித்துக்கொண்ட உடம்பு புற்றுநோய்க் கட்டியையும் எதிர்க்குமா என்று வெளிநாடுகளில் எலிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே படித்துவிட்டு வந்த டொக்டருக்கு அதைத் தானும் செய்துபார்க்க ஆசை. நோயாளிகளைப் பார்த்து முடித்த பின்னேரங்களை அதற்கு ஒதுக்கியிருந்தார்.

2. களஞ்சிய அறை

மருந்தறைக்குப் பின்னாலிருந்த களஞ்சிய அறையில் மூன்று தட்டுகளில் எலிக்கூடுகள். முதல் தட்டுக்கு வெறும் உப்புநீரான சேலைன் போட்டோம். இரண்டாம் தட்டுக்குப் பி.சி.ஜி. சில கிழமைகள் கழித்து இரண்டு தட்டு எலிகளுக்கும் புற்றுநோய்க் கட்டியின் செல்களை விலாத் தோலுக்குக் கீழே ஏற்றினோம். மூன்றாம் தட்டு எலிகளுக்கு முதலில் கட்டியை வளரவிட்டு, அதன் பிறகே பி.சி.ஜி. போட்டோம்.

மருந்துக்கு வெளிச்சமும் ஆகாது, சூடும் ஆகாது. அதைக் கறுப்புத் தாளில் சுற்றி, மண்ணெண்ணெயில் வேலைசெய்யும் பிரிட்ஜில் வைத்திருந்தோம். அதன் திரியை டொக்டர் வேறொருவரையும் தொடவிடமாட்டார். எலிகள் வெயிலில் வாடாமல் ஜன்னல்களில் நனைத்த சாக்குத் தொங்கவிடுவதும், கலிப்பர் என்ற அளவுக்கருவியால் கட்டிகளை அளப்பதும் என் வேலை.

முதல் தட்டில் கட்டிகள் மளமளவென்று வளர்ந்தன. இரண்டாம் தட்டில் பல எலிகளுக்குக் கட்டியே இல்லை. சிலவற்றில் பயறளவுக்கு வந்து கரைந்துபோயிற்று. நான் துள்ளினேன். டொக்டர் கலிப்பரை வாங்கித் தானும் ஒவ்வொன்றாக அளந்தார்.

"சரி. இனி முதலிலையிருந்து இன்னொருக்காச் செய்வம்" என்றார்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. எலிகளுக்குத் தானியம் வாங்கும் காசிம் நானாவின் கடையில், "எங்கட டொக்டரம்மாவின்ர ஊசி போட்டால் புற்றுநோய்க் கட்டி வராது, நானா" என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன்.

3. முல்லைத்தீவு பஸ்

இரண்டு கிழமை கழித்து முல்லைத்தீவுக் கரையிலிருந்து அந்தோனிப்பிள்ளை என்ற மீனவர் மனைவி திரேசாவுடன் வந்து இறங்கினார். திரேசாவின் மார்பில் ஒரு கட்டி. நானாவின் கடைக்குக் கருவாடு கொண்டுவருபவர் மூலம் ஊசியின் கதை அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது.

டொக்டர் திரேசாவைப் பரிசோதித்துவிட்டு, அந்த ஊசியைப் போட முடியாது என்றார். அந்தோனிப்பிள்ளை எழுந்துவிட்டார்.

"எலிக்குப் போடுற ஊசியை என்ர மனிசிக்குப் போடமாட்டியளோ?"

டொக்டர் கோபிக்கவில்லை. இருவரையும் எலி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இந்த ரெண்டாம் தட்டுக்கு ஊசியை முதலே போட்டனாங்கள். கட்டியைப் பிறகுதான் ஏத்தினது. இதுகள் தாக்குப்பிடிச்சிட்டுதுகள். மூண்டாம் தட்டைப் பாருங்கோ. கட்டி வந்தாப் பிறகு போட்டது."

அந்த எலிகளின் கட்டிகள் முதல் தட்டில் இருந்தவற்றைப் போலவே பெருத்திருந்தன.

"நான் இதை அக்காவுக்குப் போட்டால், மருந்து செய்தாச்செண்டு வீட்டை போயிடுவியள். கட்டி தன்ர பாட்டிலை வளரும்."

திரேசா ஒரு கூட்டின் முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் இந்தத் தட்டுத்தான். கட்டியை வெட்டி எடுத்தால் சரிவருமோ, டொக்டரம்மா?"

"இப்ப கட்டி சின்னன். உடனை கொழும்புக்கு வெளிக்கிட்டால் நம்பிக்கை இருக்கு. உறுதி சொல்லமாட்டன்."

"ஏன் நிக்கிறியள்? வெளிக்கிடுங்கோ" என்றார் திரேசா, கணவனைப் பார்த்து.

டொக்டர் அன்றே லீவு போட்டு, அவர்களுடன் கொழும்பு ரயிலில் ஏறினார். தன்னோடு படித்த சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேரிலே ஒப்படைத்துவிட்டு மூன்றாம் நாள்தான் திரும்பினார்.

4. திருத்தம்

வேலை போய்விடும் என்றே நினைத்தேன். டொக்டர் என்னைக் கூப்பிட்டு, "கடையிலை நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் மூண்டாம் தட்டை விட்டிட்டுச் சொன்னீங்கள். போய் அதையும் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றார். அவ்வளவுதான்.

போனேன். ஐந்தாறு பேர் நின்றார்கள். கூச்சத்தோடு சொல்லி முடித்தேன். காசிம் நானா நிறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதையெல்லோ நீர் முதல் சொல்லியிருக்கோணும்?"

திரேசா பிழைத்தார். அடுத்த வருடம் ஒரு காலை வந்து வாசலில் நின்றார். பின்னால் அவருடைய ஊர்ப் பெண் ஒருவர், முந்தானையை இழுத்து மார்பை மூடியபடி.

"இவாவுக்கும் கட்டி, டொக்டரம்மா. சின்னனாய் இருக்கேக்கையே கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

அந்தப் பெண்ணை உள்ளே அழைத்துப்போனபோது டொக்டரின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, இரண்டாம் தட்டை அளந்த அன்றுகூட நான் கண்டதில்லை.

ஆய்வுகூட வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சரிவந்ததைச் சொல்லும் அதே மூச்சில் சரிவராததையும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை நம்பி எங்கோ ஒருவர் பஸ் ஏறுகிறார்.