மீட்டர் முள்ளை நம்பாதவர்கள்

வேக மீட்டர் பழுது பார்க்கிறவன் கடைக்கு வண்டிகளைவிடச் சந்தேகங்கள்தான் அதிகமாக வந்து நிற்கும்.

நாமக்கல்லில் பரமத்தி ரோட்டில் என் கடை. லாரி, ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி, கார் எதுவானாலும், முள் நின்று போனாலோ துள்ளினாலோ என்னிடம் கொண்டுவருவார்கள். கழற்றிச் சுத்தம் செய்து, முள்ளைச் சரியான இடத்தில் குத்தி, ஓட்டிப் பார்த்துக் கொடுப்பேன். எனக்குச் சோறு போடுவது எங்கள் ஊர் கார் ஸ்டாண்டு. அங்கே நிற்கிற வாடகைக் கார்கள் அத்தனைக்கும் நான்தான் மீட்டர் பார்க்கிறேன். அவர்கள் வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். சேலம் போகிற பெரிய ரோட்டில், பாலத்துக்குப் பக்கத்தில் வேகம் பிடிக்கும் கேமரா வைத்த பிறகு, அந்த ஸ்டாண்டு என்னை விட்டுப் போகப் பார்த்தது. போனில் ஏதாவது சத்தம் வந்தாலே அபராதமோ என்று எடுத்துப் பார்க்கிற உங்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

எத்தனை வரைக்கும் விடுவாங்க?

கேமரா வந்த நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். எண்பதுக்கு மேல் போகக் கூடாது என்று போர்டு இருக்கிறது. எண்பத்தொன்றில் போனால் பிடிப்பார்களா, கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்களா? சத்தியமாக எனக்குத் தெரியாது. கேமரா வைத்தவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டு வைக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் அது தெரியாத ஆள் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. ராசிபுரத்துக்காரர் அஞ்சு என்பார். திருச்செங்கோட்டுக்காரர் பத்துக்குக் குறையாது என்று அடித்துச் சொல்வார். மேட்டூரில் கம்பெனி வேலையில் இருக்கும் ஒருவர் நூற்றுக்கு இத்தனை என்று என் மேஜை மேலேயே விரலால் கணக்குப் போட்டுக் காட்டினார். கெங்கவல்லியிலிருந்து வந்த மரவள்ளி வியாபாரி, மழை நாளில் கூடுதலாக விடுவார்கள் என்றார். ஏன் என்று கேட்டேன். கேமரா நனைந்திருக்குமே என்றார்.

ஜவுளிக்கடை முத்துசாமி கொஞ்சம் விவரமானவர். அவரிடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கார் மீட்டர் உள்ள வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி, அதனால் கம்பெனியிலேயே ஒரு சொட்டுக் கூட்டித்தான் காட்டும்படி அனுப்புவார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே கூட்டிப் பார்த்தார். மீட்டர் கூட்டிக் காட்டுவது அஞ்சு, அவர்கள் விட்டுக்கொடுப்பது பத்து, ஆக மொத்தம் பதினைந்து தன்னுடையது என்று முடிவு செய்துகொண்டு தொண்ணூற்றைந்தில் பாலத்தைத் தாண்டியிருக்கிறார். அடுத்த வாரம் அபராதச் செய்தியோடு கடைக்கு வந்து போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "ஏனுங்க, எனக்குச் சேர வேண்டிய பதினஞ்சுல யாருங்க கை வச்சது?"

முட்டை வண்டி

முட்டை வியாபாரி நல்லசிவம் ஒரு நாள் வேனை நிறுத்திவிட்டு, டிரைவர் மாணிக்கத்தை டீ குடிக்க அனுப்பினார். அவன் தெருமுனை திரும்பியதும் என் காதருகில் வந்தார். முள்ளை எடுத்துக் கொஞ்சம் மேலே தள்ளிக் குத்த முடியுமா என்று கேட்டார். வண்டி ஐம்பதில் போனால் மீட்டர் அறுபது காட்ட வேண்டும். மாணிக்கம் அறுபதில் போகிறோம் என்று நினைத்து அதற்கு மேல் மிதிக்க மாட்டான், முட்டை உடையாது. முடியாது என்றேன். இருக்கிற வேகத்தைக் காட்டத்தான் மீட்டர், முட்டையைக் காப்பாற்ற வேண்டுமானால் மாணிக்கத்திடம் பேசுங்கள் என்றேன்.

மறுநாள் மாணிக்கம் தனியாக வந்தான். முள்ளைக் கீழே தள்ளிக் குத்த முடியுமா என்றான். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தால் ரோட்டைப் பார்ப்பதில்லையாம், மீட்டரைத்தான் பார்க்கிறாராம். அறுபதில் போகும்போது ஐம்பது காட்டினால் இரண்டு பேருக்கும் நிம்மதி என்பது அவன் யோசனை. அவனிடமும் முடியாது என்றேன். அந்த வேனின் முள்ளை நான் தொடவே இல்லை. அது முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் முதலாளி சொன்னபடி நான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்து மாணிக்கம் ரோட்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நல்லசிவமோ நேராகக் கடைக்கே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். "மறைக்காதீங்க. மாணிக்கம் வந்துட்டுப் போனது உங்க மூஞ்சியிலயே தெரியுது."

பெரிய டயர்

என் பேரைக் கெடுத்தவர் ரிக் முதலாளி கந்தசாமி. ரிக் வண்டிகளையே பார்த்துப் பழகியவருக்குச் சொந்தக் கார் சின்னதாகத் தெரிந்திருக்கிறது. கம்பெனி போட்ட டயரைக் கழற்றிவிட்டு, பெரிய அளவு டயராகப் பார்த்து மாட்டிக்கொண்டார். கார் எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் மீட்டருக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் தெரியும், டயர் வளர்ந்தது தெரியாது. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போய்விடும். மீட்டர் எண்பது காட்டும்போது கார் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். அபராதம் மேல் அபராதமாக வந்தது. என் மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று சண்டைக்கு வந்தார்.

அவரை ஏற்றிக்கொண்டு என் போனில் வேகம் பார்த்தபடி ஓட்டிக் காட்டினேன். மீட்டரில் எண்பது, போனில் எண்பத்தாறு. என் போனை நம்ப மாட்டேன் என்று அவர் போனை எடுத்தார். அதிலும் அதே எண்பத்தாறு. கொஞ்ச நேரம் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே கம்பெனி, அதனால் ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்காது என்றார். பழைய டயரைப் போடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். காரை விட்டு இறங்கியவர் என் கடை வாசலை அண்ணாந்து பார்த்தார். அங்கேயிருந்து நேராகக் கார் ஸ்டாண்டுக்குத்தான் போகப் போகிறார் என்று எனக்குத் தெரியும், தினமும் அங்கேதான் அவருக்கு டீ. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். "கேமரா வந்த அப்புறந்தான் உங்க கடைக்குப் புது போர்டு வந்துச்சுங்க. நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

வீட்டு விசாரணை

அதற்குப் பிறகு ஸ்டாண்டு வண்டி ஒன்றுகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் வேண்டுமென்றே முள்ளைக் குறைத்து வைக்கிறேன், அதை நம்பி ஓட்டுகிறவர்கள் கேமராவில் மாட்டுகிறார்கள், அபராதத்தில் எனக்குப் பங்கு வருகிறது என்று கதை முழு உருவம் எடுத்துவிட்டது. மீட்டர் முள் நின்றுபோன கார்கூட என் கடையைத் தாண்டிக் கரூர் பக்கம் போயிற்று. கடையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. தெரிந்தவர்கள் கண்டும் காணாமல் போவது அப்படி வலிக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்து இதையெல்லாம் என் மனைவி சுமதியிடம் கொட்டினேன். அவளாவது பாவம் பார்த்து ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "நெசமாலுமே அந்தக் கேமராக்காரங்க உங்களுக்கு ஒண்ணும் தர்றதில்லீங்களா? ஊரே சொல்லுது, ஊட்டுக்கு ஒரு பொடவைகூட வந்து சேரலியே!"

சாட்சியோடு ஒரு சவாரி

ஸ்டாண்டில் மூத்தவர் பொன்னுசாமி அண்ணன். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். ஒரு நாள் காலையில் நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன். "அண்ணா, என்ற கார்ல வந்து உக்காருங்க. உங்க கண்ணு முன்னால எண்பத்தெட்டுல அந்தக் கேமராவத் தாண்டறேன். நான் அவங்க ஆளா இருந்தா எனக்கு அபராதம் வருமுங்களா?" என்றேன். தன் போனிலும் வேகம் பார்த்துக்கொள்ள விட்டால் வருவதாகச் சொன்னார். என் போனும் அவர் போனும் ஒரே கம்பெனியா என்று மட்டும் கேட்டுவைத்துக்கொண்டார். இல்லை என்று காட்டிய பிறகுதான் கதவைத் திறந்தார்.

ரோடு காலியாகத்தான் இருந்தது. பாலம் நெருங்கும்போது என் மீட்டரில் எண்பத்தெட்டு, அவர் போனிலும் எண்பத்தெட்டு. என் தொழிலை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அண்ணன் மீட்டரையும் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்து நான் ஏதாவது சாடை காட்டுகிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதற்றத்தில் கை தவறி வைப்பரைத் தட்டிவிட்டேன். அது கண்ணாடியை ஒரு தரம் துடைத்துவிட்டு நின்றது. மழையும் இல்லை, தூசும் இல்லை. அண்ணன் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார். "அது யாருக்குங்க சிக்னலு?"

வராத அபராதம்

அபராதத்துக்காக ஏங்கிய ஒரே மனுஷன் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். போன் சத்தம் கேட்டால் ஓடுவேன். கேஸ் சிலிண்டர் வருகிறது என்று ஒரு செய்தி, கடன் தருகிறோம் என்று ஒரு செய்தி. அதே வாரம் அதே பாலத்தில் வேகமாகப் போனவர்களுக்கெல்லாம் அபராதம் வந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். என் பேரில் எதுவுமே இல்லை என்றார்கள். கொஞ்சம் நன்றாகப் பாருங்கள் என்று கெஞ்சினேன். கேமரா அன்றைக்குத் தூங்கியதா, எண்பத்தெட்டு வரைக்கும் விடுகிறார்களா, இல்லை என் கெட்ட நேரமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்தது, கடையைக் காலி செய்துவிடலாம் என்று முடிவு செய்த நாளில், ஸ்டாண்டு கார்கள் வரிசையாக வந்து வாசலில் நின்றன. அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். பொன்னுசாமி அண்ணன் உள்ளே வந்து ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். குரலையும் இறக்கினார். "உங்களுக்கு அபராதம் வரலைங்கறது கம்ப்யூட்டர் சென்டர்ல கேட்டு எங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்க. உங்க வண்டில என்ன வச்சிருக்கீங்களோ, அதையே எங்களுக்கும் வச்சு உடுங்க. வெளிய மூச்சு உட மாட்டோம்."

என் காரில் ஒன்றுமே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொல்லச் சொல்ல, ரகசியத்தை எவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றுகிறான் என்ற மரியாதைதான் அவர்கள் முகத்தில் கூடியது. எனக்கு வாய் ஓய்ந்து போயிற்று. இவர்கள் கேமராவுக்குத் தெரியாது என்று நம்பி நூறில் போய் எங்கேயாவது மோதிக்கொண்டால் என்ன செய்வது என்று பயமும் வந்தது. சரி, செய்து தருகிறேன் என்றேன். எல்லா மீட்டரையும் கழற்றி, வழக்கம்போலச் சுத்தம் செய்து, முள்ளைச் சரியாகக் குத்தி மாட்டினேன். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். எண்பதைத் தாண்டினால் இது வேலை செய்யாது, தாண்டாத வரைக்கும் கேமராவால் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது கடை நிறைய வேலை. கந்தசாமிகூடப் பழைய டயரை மாட்டிக்கொண்டு வந்து, அதே சாமானைத் தனக்கும் வைத்துக்கொண்டு போனார். போன வாரம் பொன்னுசாமி அண்ணன் பழம், வெற்றிலைபாக்கோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அருமையான சாமானுங்க! எண்பதுக்குள்ள போனா ஒருத்தனுக்குக்கூட அபராதம் வர்றதில்லீங்க!"

இத்தனை வருடம் உள்ளதை உள்ளபடி காட்டுகிற முள்ளை வைத்துக் கொடுத்தும் என்னை நம்பாத ஸ்டாண்டு, நான் சொன்ன ஒரே ஒரு பொய்யை மட்டும் ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறது.