மூச்சை ஒதுக்கிப் பேசுகிறவள்

பேசுவதற்கு முன் ரொவீனா முகத்தை இடது தோள் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். மேசையில் கிடக்கும் மின்னணுச் சில்லு அரிசிமணி அளவுகூட இல்லை. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத முடிகள் நிற்கின்றன. நேரே பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணினித் திரையில் கோடு துள்ளிவிடும். பழகிப்போய், கேன்டீனில் காபி கேட்கும்போதும் சுவரைப் பார்த்துத்தான் கேட்கிறாள்.

"சுவத்துக்கும் சேத்து ரெண்டு காபியா?" என்பாள் அங்கிருப்பவள்.

சுவர்க்கோழிப் பூச்சியின் வால்புற முடிகள், சிலந்தி பாய்வதற்குள் காற்றின் அசைவை உணர்ந்துவிடும். அவற்றைப் போன்ற முடிகளைச் சில்லின்மேல் உருவாக்குவதுதான் ரொவீனாவின் வேலை. ஜீலாங் நகரின் கடைத்தெருவில், வளர்ப்புப் பல்லிகளுக்கு இரையாக விற்கும் சுவர்க்கோழிகளை டப்பாவோடு வாங்குவாள். விளக்கிச் சொல்லி அலுத்து, வீட்டில் ஓணான் வளர்ப்பதாக ஒருமுறை சொல்லிவைத்தாள். கடைக்கார மெர்வ் விடுவதாயில்லை.

"உங்க பய நல்லா சாப்பிடுறானா?"

"வஞ்சனையில்லாம."

"ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன்."

"கூச்சக்காரன், மெர்வ்."

எல்லாம் குறைமாதக் குழந்தைகளுக்காக. மூச்சைக் கவனிக்க நெஞ்சில் ஒட்டும் பட்டையைப் பிரித்தால் பிஞ்சுத் தோலும் சேர்ந்து உரிகிறது. தொடாமல், தொட்டிலோரத்திலிருந்தே மூச்சை அறியவேண்டும். முதல் சோதனையில் மருத்துவமனைக்காரர்கள் ஏசியைப் போட்டதும், குழந்தைக்குப் பதிலாக வைத்த, மூச்சுவிடும் பொம்மையின் மூச்சு அந்தக் காற்றில் காணாமல் போயிற்று. இன்னும் ஒரு வாய்ப்பு, அதோடு சரி என்றார்கள்.

ரொவீனா மறுபடி சுவர்க்கோழியை நுண்ணோக்கியில் வைத்தாள். நெட்டையும் குட்டையுமாய் முடிகள். ஒவ்வொரு நீளமும் ஒவ்வொரு விதமான அசைவுக்கு. அவளுக்குத் தெரியாததல்ல. ஒரே உயரமாய்ச் செய்வது சுலபம், பார்க்கவும் அழகு என்று விட்டிருந்தாள்.

முடிகளைச் செய்துதரும் டார்கோவுக்கு முகம் விழுந்துவிட்டது. "சிப்பாய்ங்க மாதிரி நிக்க வச்சிருக்கேன். குடிகாரன் முடிவெட்டின தலை மாதிரி கேக்குறியே!"

"அதேதான் டார்கோ. கோணல்மாணலா வேணும்."

"கீழ என் பேரப் போட்டுடாத."

இரண்டாம் சோதனையில் ஏசி முழுவேகத்தில் இரைந்தது. பொம்மையின் ரப்பர் நெஞ்சு ஏறியது. திரையில் கோடும் ஏறியது. நெஞ்சு இறங்க, கோடும் இறங்கியது. மருத்துவமனைக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்து குனிந்தார்கள்.

"பேரப் போடு! என் பேர..." என்று டார்கோ கத்தத் தொடங்கினான்.

ரொவீனா ஒரு கையால் அவன் வாயைப் பொத்தினாள். மறு கையால் தன் வாயை.