அங்கப்பன் அடுப்பில் வான்கோழி

ஒரு கைப்பிடி மைதாவை அடுப்புக்குள் வீசிவிட்டு அங்கப்பன் குனிந்து பார்த்தபடி நிற்கிறார். உதடு மட்டும் அசைகிறது. முருகா, முருகா என்று எண்ணுகிறார். பன்னிரண்டாவது முருகாவில் மாவு சிவந்தால் அது ரொட்டிக்கான சூடு. இருபதில் சிவந்தால் பன்னுக்கு. முப்பது தாண்டியும் வெள்ளையாகவே கிடந்து, பிறகு மெல்ல நிறம் மாறினால் அது வருஷத்தில் ஒரே ஒரு நாளைக்கு உரிய சூடு. கிறிஸ்துமஸ் அன்று காலையில் வான்கோழி உள்ளே போகிற சூடு.

சிங்காநல்லூரில் எங்கள் பேக்கரி. முன்னால் ரொட்டியும் பன்னும் கட்டிக் கொடுப்பது என் வேலை. பின்னால் விறகு அடுப்பு அங்கப்பனுடையது. அறுபதை நெருங்குகிறார். நெற்றியில் பூசும் திருநீறு அரைமணி நேரத்தில் வேர்வையோடு இறங்கிப் புருவத்தில் தங்கிவிடும். அடுப்புக் கதவைத் திறக்குமுன் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார், அடுத்த வீட்டுக்குப் போனவர் மாதிரி. ஏன் என்று கேட்டால், "உள்ள எல்லாம் தூங்குதுங்க அம்மணி. படக்குனு தொறந்தா பன்னு பயந்து அமுங்கிப்போயிரும்" என்பார்.

வான்கோழி இந்த அடுப்புக்கு வந்தது ஞானராஜ் சாரால். பக்கத்துத் தெருவில் அவரும் மனைவி பியூலா டீச்சரும் இருந்தார்கள். ஐந்து கிலோப் பறவையை முழுதாக வைக்க வீட்டில் அடுப்பு ஏது? தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாங்கி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பெரிய போசிப் பாத்திரத்தோடு இங்கே தூக்கி வந்தார்கள். இது நடந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும். அங்கப்பன் அதை வாங்கிய கையோடு தென்னோலையைக் கொளுத்தி வாட்டி, உடம்பெல்லாம் மஞ்சளைத் தேய்த்துவிட்டார். எங்கள் பக்கத்தில் எந்தக் கோழிக்கும் செய்கிற காரியம்தான். சார் வந்து பார்த்து அப்படியே நின்றுபோனார்.

"ஏனுங்க அங்கப்பன், வெள்ளைக்காரன் சமையலுங்க இது. மஞ்சள் கிடையாது."

"மஞ்சப் பூசாம எப்படீங்க? வெறும் ஒடம்போடயா அடுப்புக்குள்ள அனுப்பறது?"

மறுவருஷம் டீச்சர் வெண்ணெய், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயத்தோடு மஞ்சளையும் தானே அரைத்துக் கொண்டுவந்தார்.

மார்கழியில் அங்கப்பன் வாயில் கவுச்சி வைப்பதில்லை. அதனால் இத்தனை வருஷத்தில் அந்த வான்கோழியை ஒரு துண்டுகூடத் தின்று பார்த்ததில்லை. கம்பியால் குத்திப் பார்ப்பதும் கிடையாது. குத்தினால் சாறு ஓடிவிடும் என்று சார் சொல்லியிருக்கிறார். எல்லாம் மூக்குதான். எங்கள் முதலாளி லட்சுமணசாமியின் மகன் கரண்ட் அடுப்பு வாங்கலாம் என்று வருஷா வருஷம் சொல்வான். முதலாளியும் வருஷா வருஷம் ஒரே பதில் சொல்வார். "அங்கப்பன் மூக்கு இருக்கற வரைக்கும் வெறகே எரியட்டும்."

அந்த மூக்கு இப்போது இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போனது, வாசனையையும் கொண்டுபோனது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கைக்கெட்டும் தூரத்தில் ரஸ்க் கருகிக்கொண்டிருக்க, அவர் நிம்மதியாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அன்று எனக்குத் தெரிந்தது. பிறகுதான் கவனித்தேன், அடுப்பறை சன்னலை விட்டு அவர் நகர்வதே இல்லை. எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கிறார். பன் பதம் வரும்போது யாராவது ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் கடைப் பக்கம் திரும்புவார். உடனே இவர் கதவைத் தட்டுவார். ஊராரின் மூக்கை இரவல் வாங்கிப் பிழைக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முன் ஐப்பசி மழையில் ஞானராஜ் சார் தவறிவிட்டார். ஐந்து வருஷம் கழித்து மகன் ரூபன் மெல்போர்னிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். போசியை இறக்கி வைத்துவிட்டு டீச்சர் சொன்னார்: "அங்கப்பன், மேசைல அவர் எடம் காலியா இருக்கும். இதாச்சும் எப்பவும்போல இருக்கோணுங்க."

"இருக்குமுங்க டீச்சர். நீங்க கோயிலுக்குப் போயிட்டு வாங்க."

ஏழு மணிக்கு வான்கோழி உள்ளே போனது. தெருவில் பனி அடுப்புச் சாம்பல் மாதிரி மிதந்தது. கேக் வாங்க வந்த கூட்டத்தில் எனக்குச் சாமி கும்பிடும் நேரம் தப்பிப்போய், பத்து மணிக்குத்தான் ஓய்ந்தேன். தாமதத்துக்குப் பரிகாரமாக இரண்டு பங்கு சாம்பிராணியை அள்ளிப் போட்டுக் கடை முழுக்கக் காட்டினேன். புகை வாசல் தாண்டித் தெருவில் இறங்கியது.

பின்னால் போனால், அங்கப்பன் சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளுத்து நிற்கிறார். எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்கள் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் சாம்பிராணி வான்கோழி வாசத்தை மூடிவிட்டது.

"அம்மணி, எனக்கு மூக்கு போயி ரண்டு வருசமாச்சுங்க."

"தெரியுமுங்க."

அவர் சன்னலை விட்டு வந்தார். "அப்ப இன்னைக்கு உங்க மூக்கக் குடுங்க."

"நான் கவுச்சியே தொடாதவளுங்க. வெந்த வாசம் எது, வேகாத வாசம் எதுன்னு எனக்கு என்னங்க தெரியும்?"

"வெந்துதான்னு நீங்க சொல்ல வேண்டாமுங்க. எது மாதிரி இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மாசாணித் தாயை நினைத்துக்கொண்டு குனிந்தேன். அவர் இரண்டு தட்டுத் தட்டிக் கதவை ஒரு விரற்கடை திறந்தார். சூடு முகத்தில் ஒரு துணி போல விழுந்தது. கண்ணை மூடினேன்.

"வெண்ணெய் உருக்கறாப்பல இருக்குதுங்க."

"அது மேல் தோலு. இன்னும் உள்ள போங்க."

"பச்ச நெலக்கடல வேகறாப்பல... ஈரமா."

"எலும்போரம் இன்னும் தண்ணி நிக்குது. மூடிருங்க."

மாவு மூட்டை மேல் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அடுப்புக்குள் சொட்டுச் சொட்டாக நெய் விழுந்து சீறுவது மட்டும் கேட்டது. எங்கேயோ ஆழத்தில் மழை பெய்வது போல இருந்தது. முருகா, முருகா என்று அவர் உதடு போய்க்கொண்டே இருந்தது. எத்தனை ஆயிற்றோ, எழுந்து மறுபடி தட்டினார்.

"இப்பங்க?"

"சக்கரைப் பொங்கல் அடிப்புடிச்சாப்பல. கொஞ்சம் தித்திப்பா, கொஞ்சம் கசப்பா. பொறத்தால மஞ்சத் தோட்டத்துல களை புடுங்குன கையாட்ட ஒரு வாசம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கு விடைத்தது. என் சொல்லுக்குள்ளிருந்து அந்த வாசனை அவருக்கு எட்டிவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

"போதுமுங்க அம்மணி. எடுத்துப்போடலாம்."

தட்டில் வந்து அமர்ந்தது, விளக்கு வைத்த வெண்கலம் போல. பதினொரு மணிக்கு டீச்சரும் ரூபனும் வந்தார்கள். கேக் கணக்குக் கேட்க வந்த முதலாளியும் அங்கேயே நின்றுவிட்டார். ரூபன் குனிந்து ஒரு மூச்சு இழுத்தான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"அப்பா இருந்தப்ப எப்படியோ அப்படியே இருக்குதும்மா."

"நாஞ் சொன்னனல்ல கண்ணு, அங்கப்பன் மூக்கு தப்பாதுன்னு" என்றார் டீச்சர்.

முதலாளி பெருமையாகச் சிரித்தார். "அந்த மூக்குக்குத்தானுங்க நான் இன்னும் வெறகு வாங்கறது."

அங்கப்பனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலால் தன் மூக்கைத் தொட்டார். பிறகு முதலாளியின் முன்னால் அந்தக் கையை வெறுமையாக விரித்துக் காட்டினார்.