கரண்ட் போன பிறகும் கல் தட்டியவர்

ராட்சச ராட்டினத்தில் ஏறப் போகிறோம் என்ற ஒரே நம்பிக்கையில்தான் நான் அன்று விடியும் முன்பே எழுந்து, யாரும் அதட்டாமல் பல் துலக்கி, நகரியிலிருந்து திருப்பதிக்குக் கிளம்பும் முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவின் கவலை ராட்டினம் இல்லை. மாமாவுக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர்கள், மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் தெருவில் அந்த வருடங்களில் மீசை முளைத்தவர்கள் எல்லாம் விசைத்தறியை விட்டுவிட்டு மெட்ராஸ், பெங்களூர், குவைத் என்று பறந்துகொண்டிருந்தார்கள். மாமாவுக்கு அவ்வளவு தூரம் பறக்கத் தைரியம் இல்லை. திருப்பதிக்கு வெளியே புதிதாகத் திறந்திருந்த பொழுதுபோக்குப் பூங்காவில் போய்ச் சேர்ந்தார். 'பார்க்குல வேலை' என்பதற்கு மேல் அவர் யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை. அவரைச் சூப்பர்வைசர் ஆக்கியது அம்மா. தறி ஓட்டுகிறவனுக்குப் பெண் இல்லை என்று ஏற்கெனவே மூன்று வீடுகளில் கை விரித்துவிட்டார்கள். நான்காவது வீட்டுக்குப் போகும்போது தரகரிடம் அம்மா வாய் கூசாமல் அந்தப் பதவியை வழங்கிவிட்டாள்.

அந்த நான்காவது வீடு புத்தூரில் இருந்தது. பெண்ணின் அப்பா எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். அவரும் பெண்ணும் பூங்கா வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பெண்ணின் அம்மாவுக்கு மூட்டு வலி, அதனால் வரவில்லை என்றார். கட்டுப் போடுகிற வீட்டிலேயே மூட்டு வலி எப்படி வந்தது என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

புத்தூர்க்காரர் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. வந்த உடனே என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நல்லா கீது" என்று விட்டார். எதிரே போனவர்களின் நடையைப் பார்த்து யாருக்கு இடுப்பு, யாருக்குக் கணுக்கால் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இந்தப் பழக்கத்தால் அம்மாவுக்கு உள்ளுக்குள் உதறல் இருந்திருக்கிறது. மாமாவின் போட்டோவை முழுக்கைச் சட்டையில் எடுத்து அனுப்பியதன் ரகசியம் எனக்கு அன்று தெரியாது.

மாமா மதியம் ஒரு மணிக்குத்தான் கேன்டீனுக்கு வர முடியும் என்று சொல்லியிருந்தார். அதுவரை சுற்றிப் பார்க்கலாம். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து ராட்டினத்தின் பக்கம் இழுத்தேன். புத்தூர்க்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"அதுல ஏறுனா தோள்பட்டை காறை எலும்பு போயிடும்," என்றார். ஆடும் கப்பலைக் காட்டி, "அது மணிக்கட்டு." சறுக்கு மரத்தைப் பார்த்து, "அது முட்டி. எல்லாம் எனக்கு ஆள் அனுப்புற மெஷினும்மா."

அவர் மறுக்காத ஒரே வண்டி, ஒரு சிமென்ட் மலைக்குள் நுழைந்து வெளியே வரும் குட்டி ரயில். பூமி உண்டானதிலிருந்து மனிதன் வந்தது வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ரயில் என்று தெலுங்கில் போர்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு எருமை நடந்து வந்தால்கூட அதைத் தாண்டிப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பாடம் போதாதென்று இத்தனை தூரம் பஸ் ஏறி வந்து இன்னொரு பாடமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்களுக்கு முன் பெட்டியில், திருப்பதி மலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு குடும்பம், ஆறு சந்தன மண்டைகள். ரயில் இருட்டுக்குள் நுழைந்ததும் அவர்கள் பழக்க தோஷத்தில் "கோவிந்தா!" என்று குரல் கொடுத்தார்கள். அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இருக்கிற வேண்டுதலுக்கு அவள் எந்த இடத்தையும் விடுவதாக இல்லை.

சிவப்பு பல்பு எரியும் எரிமலை வந்தது. கழுத்தை ஆட்டும் பல்லி மிருகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஆடும்போது உள்ளேயிருந்து எங்கள் தறிக்கொட்டகை மாதிரி கடகடவென்று சத்தம் கேட்டது. கடைசியாக ஒரு குகை. அதில் ஆதிமனிதன் ஒருவன், உடம்பெல்லாம் சடைமயிரும் இடுப்பில் தோலுமாகக் குந்தி, இரண்டு கற்களைத் தட்டி நெருப்பு உண்டாக்கிக்கொண்டிருந்தான். ரயில் சரியாக அவன் எதிரே வந்தபோது கரண்ட் போனது.

விளக்கு அணைந்தது. ரயில் நின்றது. டேப்பில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த பெண் குரல் பாதி வார்த்தையில் நின்றது. கழுத்தை நீட்டிய மிருகங்கள் நீட்டியபடியே நின்றன. சுரங்கத்தின் வாயிலிருந்து வந்த மங்கல் வெளிச்சத்தில் ஒரே ஒரு ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

டக். டக். டக்.

ஆதிமனிதன் கல் தட்டிக்கொண்டிருந்தான். பத்துப் பன்னிரண்டு தட்டு தட்டிய பிறகுதான் தானும் நிற்க வேண்டும் என்பது அவனுக்கு உறைத்தது போலிருக்கிறது. வலது கையை ஓங்கியபடி அப்படியே சிலையானான். மொட்டைக் குடும்பத்தில் ஒரு குழந்தை வீரிட்டது.

எனக்கு அந்தக் கால் விரல்களைத் தெரியும். எத்தனையோ முறை அவற்றுக்கு நான் சொடக்கு எடுத்திருக்கிறேன். "மா..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள்.

புத்தூர்க்காரர் ஓங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி ரயிலை விட்டு இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, குகைக்குள் போனார். ஆதிமனிதனின் முழங்கையைப் பிடித்துச் சடையை விலக்கி அமுக்கிப் பார்த்தார்.

"இந்தக் கை நான் கட்டுன கை ஆச்சே. மடக்கு."

ஆதிமனிதன் மடக்கினான்.

"நீட்டு. முழுசா நீள மாட்டேங்குது பாரு. நாப்பத்தஞ்சு நாளு கட்டு இருக்கணும்னு சொன்னனா இல்லியா? எத்தினி நாள்ல அவுத்தே?"

"இருவது நாள்ல ஐயா," என்றது சடைக்குள்ளிருந்து ஒரு பரிதாபமான குரல். "ஸ்கூல்ல கபடி மேட்ச்சு இருந்துச்சு."

மாமா பத்தாம் வகுப்பில் மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட கதையை அம்மா இந்தக் கல்யாணப் பேச்சில் மறைத்து வைத்திருந்தாள். ஆக, மறைத்த இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே குகையில் வெளியே வந்தன. அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட்டும் வந்தது. ரயில் நகர ஆரம்பித்தது. புத்தூர்க்காரர் கையை விடவில்லை. ஆதிமனிதனும் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவரும் கை பிடித்து நிற்கும் காட்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நாங்கள் வெளியே வந்தோம்.

வெயிலில் ஒரு சிமென்ட் காளான் அடியில் உட்கார்ந்து அம்மா அழுதாள். "என் வாயால என் தம்பி வாழ்க்கைய கெடுத்துட்டனே" என்று மூக்கைச் சிந்தினாள். இதுவரை ஒரு வார்த்தை பேசாத அந்தப் பெண், முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவளும் அழுகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். கண்ணில் நீர் வர வர அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரயில் இரண்டு சுற்று போய் வந்தது. மூன்றாவதில் புத்தூர்க்காரர் தனியாகப் பெட்டியில் உட்கார்ந்து, ராஜா மாதிரி வெளியே வந்தார். அம்மா எழுந்து நின்றாள்.

"அண்ணா, அவன் மேல தப்பில்ல. சூப்பர்வைசருன்னு சொன்னது நான்தான்."

"அதைத்தான் அவனும் சொன்னான். டிக்கெட்டு கிழிக்கத்தான் எடுத்தாங்களாம். பொம்மையோட மோட்டாரு எரிஞ்சிட்டதால இவன உக்கார வச்சிருக்காங்க. கேட்டதும் ஒளிக்காம சொல்லிட்டான்." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க ஊரு தறிக்காரங்கள நான் பார்த்திருக்கேன்மா. கரண்ட்டு போனா போதும், எல்லாம் டீக்கடைக்கு ஓடிக்கினு இருப்பாங்க. கரண்ட்டு போன பிறகும் வேலை செஞ்சிக்கினு இருந்தவன இப்பதான் பார்க்குறேன்."

கல்யாணம் நிச்சயமானது அந்த இடத்தில்தான். ஒரு மணிக்கு மாமா முகம் கழுவி, தாடையில் பசை ஒட்டியிருக்க, கேன்டீனுக்கு வந்து தலையைத் தூக்காமல் தயிர்சாதம் தின்றார். இந்தக் குகை விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும், ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று பெரியவர்கள் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். பக்கத்து மேஜையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த என்னிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் நான் அதை மதித்திருப்பேனா என்பது சந்தேகம். எனக்கு மாமாவை நினைத்து அவ்வளவு பெருமை. அடுத்த வாரமே டீச்சர் சமூகப் பாடத்தில் கற்காலத்தைத் தொடங்கி, படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டார். நான் எழுந்து, "எங்க மாமா டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் விடவில்லை. சடை, தோல், கல், கரண்ட் போனது, புத்தூர்க்காரர் இறங்கிப் போனது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். இடைவேளையில் மேல் வகுப்புப் பிள்ளைகளும் வந்து கேட்டார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு மவுசு எனக்கு அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை.

மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு மாமா ஊருக்கு வரும்போதெல்லாம் தறிக்கொட்டகைப் பையன்கள் இரண்டு கட்டைகளை எடுத்து டக் டக் என்று தட்டுவார்கள். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில்கூட யாரோ தட்டினார்கள். எல்லோரையும் விட மாமாதான் உரக்கச் சிரித்தார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து, இந்தப் புகழெல்லாம் என்னால் வந்தது என்று பூரித்துப்போயிருந்தேன். யார் வெளியே சொன்னார்கள் என்று வீட்டில் ஒருவரும் விசாரிக்கவே இல்லை.

கல்யாணமான நாலு மாதத்தில் மாமா குவைத்துக்குக் கிளம்பினார். மெட்ராஸுக்கே போகத் தயங்கியவர். அத்தை புத்தூரில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லோரும் போகிறார்கள், இவரும் போகிறார் என்றுதான் நான் எண்ணினேன். பஸ் ஸ்டாண்டில் அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"பாப்பா, உங்க கிளாஸ்ல சொல்லு. மாமா ஃபாரின் கம்பெனில வேலைக்குப் போறாருன்னு சொல்லு. சொல்றியா?"

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். மறுநாள் வகுப்பில் அப்படியே சொல்லவும் செய்தேன். அதில் யாருக்கும் சுவாரசியம் இல்லை. கற்காலக் கதையையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். பெஞ்சின் மேல் ஏறி நின்று, நானும் சொன்னேன்.