மெஷின் சத்தம் போட்ட இடம்

என் மனைவியின் தாலிக்கொடி மட்டக்களப்பு வாவிக்குள் விழுந்தது பழுகாமத்துக் கரையில். வயலிலிருந்து தோணியில் திரும்பி, முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, உரப்பையைத் தோளுக்கு மாற்றினாள். பையின் கயிறு கொடியில் மாட்டி இழுத்தது. கொக்கி கழன்றது அவளுக்கே தெரிந்ததாம். பிடிக்கக் கையைக் கொண்டுபோவதற்குள் சேறு விழுங்கிவிட்டது.

அன்றைக்கே மஞ்சள் துண்டொன்றைக் கயிற்றில் முடிந்து அவள் கழுத்தில் கட்டிவிட்டேன். அதோடு கலியாண வீடு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு எதற்கும் போவதை நிறுத்திவிட்டாள். யாராவது கழுத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவார்கள் என்ற பயம். மூன்று கிழமை நான் கையாலும் காலாலும் சேற்றைத் துழாவினேன். சிப்பி வெட்டிய காயம்தான் மிச்சம்.

கத்தாரில் வேலை செய்யும் அவளுடைய தம்பி கேள்விப்பட்டு, லீவில் வந்தபோது ஒரு மெட்டல் டிடெக்டர் தந்துவிட்டுப் போனான். தண்ணீருக்குள்ளும் வேலை செய்யுமாம். கூடவே பத்துப் பாஷையில் விளக்கப் புத்தகம். தமிழ் இல்லை. அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

குழாய்களைப் பொருத்தி, அடியில் சோறு போட்டுச் சாப்பிடும் கோப்பை அளவு வட்டத் தட்டைப் பூட்டி, சார்ஜ் ஏற்றி முற்றத்தில் பழகினேன். மனைவி தன் மோதிரத்தை மண்ணில் புதைப்பாள், நான் தேடுவேன். மெஷினின் திரையில் மோதிரத்துக்கு ஓர் எண் விழும், கரண்டிக்கு வேறொன்று, பூட்டுத் திறப்புக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். முற்றத்தில் நான் பெரிய கெட்டிக்காரன்.

வாவிக்குப் போன முதல் நாளே அந்தக் கெட்டித்தனம் கரைந்துவிட்டது. புத்தம் புதுச் சாமானைத் தண்ணீருக்குள் இறக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சாண் மேலே பிடித்தபடி நடந்தேன். கரையில் கட்டியிருந்த தோணியில் சாத்தி வைத்த கைபேசியில் மச்சினன் கத்தாரிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், தண்ணிக்க வைக்கத்தானே அத வாங்கினது! உள்ளுக்க இறக்குங்க."

இறக்கினேன். மெஷின் ஓயாமல் ஊளையிட்டது. வாவித் தண்ணீர் உப்புத்தானே, உப்புத் தண்ணீருக்கென்று தனி அமைப்பு இருக்கிறது என்று சொல்லி மாற்றவைத்தான். சேற்றை ஒட்டி மெதுவாக வீசச் சொன்னான். அடங்கியது. நாலு அடி போயிருப்பேன், 'டிங்' என்றது. அசையாமல் நின்றேன். பிறகு, வைத்த அடியிலேயே கால் வைத்துப் பின்னால் வந்தேன்.

"ஏன் அத்தான் பின்னுக்குப் போறீங்க? கிண்டுங்க!"

அவனுக்கு என்னவென்று சொல்வது? சின்ன வயதிலேயே வெளிநாடு போனவன். சண்டை முடிந்தபின் எங்கள் வயல் வட்டைகளில் மிதிவெடி அகற்றியவர்கள் இதே மாதிரித் தட்டைத்தான் வீசிக்கொண்டு நடந்தார்கள். எங்களுக்கு வகுப்பு வைத்துச் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: நில், தொடாதே, வந்த அடியிலேயே திரும்பிப் போ. அந்தத் தட்டின் சத்தத்தைக் கேட்டபடிதான் வரப்பில் விதைநெல்லோடு காத்திருந்தோம். இது தங்கம் தேடுகிற சாமான் என்று மூளைக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

மூன்று நாளும் இதே கூத்துத்தான். மூன்றாம் நாள் கரையேறித் திரும்பிப் பார்க்கிறேன், சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். ஓர் இடத்தைக்கூடத் தோண்டவில்லை. மீன் பிடிக்க வந்தவர்கள் அந்தப் பக்கம் தோணியை விடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

நாலாம் நாள் மனைவி கொப்பியோடு வந்து கரையில் நின்றாள். அவள் அன்றைக்கு இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே மெஷின் சத்தம் போட்டது. எண்ணைக் கத்திச் சொன்னேன். கொப்பியைப் பார்த்தவளின் முகம் மாறிவிட்டது. மோதிரத்துக்கு வந்த அதே எண். பித்தளைக்கும் ஈயத்துக்கும்கூட அந்த எண் வரலாம் என்று மச்சினன் எச்சரித்திருந்தான். எங்கள் ஊரில் பித்தளையும் ஈயமும் எந்த வெடிச் சாமானிலிருந்து வரும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் மெஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துக் குனிந்தேன்.

"எடுக்காதீங்க! விட்டுட்டு வாங்க!"

"தங்கமா இரிக்கும் புள்ள."

"இரிந்தா இரிக்கட்டும். நீங்க இரிக்கிறதாலதானே அது தாலி. வந்த அடியிலயே வாங்க."

வந்த அடியிலேயே வந்தேன். அவள் சொல்லைத் தட்ட முடியாமல் கரையேறினேன் என்று மச்சினனிடம் சொன்னேன். ஊரிலும் அப்படித்தான் சொல்லிவருகிறேன். நடந்தது அதுவல்ல. அவள் கத்துவதற்கு முன்பே என் கை தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டது. எவ்வளவு தெண்டித்து அழுத்தியும் கீழே போகவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவள் கத்தினாள்.