கரி படக் கூடாத தீயணைப்பான்

வெள்ளிக்கிழமை என் மகளின் திருமணம் நடக்கவிருக்கும் சிதம்பரம் மண்டபத்தை இன்று கடலூரிலிருந்து சென்று பார்த்தேன்.

வரவேற்பறையில் பூச்சாடி போன்று வெண்ணிறத்தில் ஒன்று, சந்தனப் பொட்டுடன் நின்றது.

"தீயணைக்கிறது சார், புது டிசைனு. ஒரு கையால தூக்கிடலாம்" என்றார் மேலாளர்.

கீழ்த்தளச் சமையற்கூடத்தில் எரிவாயு உருளைகள் மட்டுமே இருந்தன; தீயணைப்பான் இல்லை. காரணம் கேட்டேன்.

"அடுப்பாண்ட வெச்சா கரி புடிச்சிடும் சார். கல்யாணத்துக்கு வர்றவுங்கல்லாம் அதுகிட்ட நின்னு செல்ஃபி எடுக்குறாங்க."

"பழைய சிவப்புத் தீயணைப்பான்?"

"எடைக்குப் போட்டுட்டோம்."

அந்த அடுப்புகளுக்கு நேர் மேலேதான் என் மகள் மணமேடையில் அமர்வாள். வேறு மண்டபம் கிடைக்கவில்லை.

நெருப்புக்கும் பத்திரிகை வைத்து, நேராக வரவேற்பறைக்கு வந்துவிடும்படி அழைக்க வேண்டும் போலிருக்கிறது. தாம்பூலத்தில் என்ன வைப்பது என்று முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.